புளூகிராஸ் எல்லாம் ஒரே பாட்டா? ஒரு ஃபிளாய்டு வெள்ளிக்கிழமையும் அதற்குப் பிறகும்

ஒரு வாசகர் கேட்டது, 3 ஜூன் 2023

வர்ஜீனியா வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆபீஸில் ஆளாளுக்கு புளூகிராஸ், புளூகிராஸ் என்று இந்தப் பக்கத்து இசையைப் பற்றியே பேசுகிறார்கள். காரில் ரேடியோவில் போட்டுக் கேட்டேன். எல்லாம் ஒரே பாட்டு. ஒரே வேகம், மூக்கால் பாடும் ஒருவர், தகர டப்பாவைத் தட்டுவதுபோல பேஞ்சோ என்று ஒரு தந்தி வாத்தியம். இதை நேரில் போய்க் கேட்க என்ன இருக்கிறது? யாராவது போயிருக்கிறீர்களா, இல்லை மலையைப் பார்க்கப் போவதற்கு இது ஒரு சாக்கா?

4 ஜூன் 2023, இரவு

போனேன். முந்தாநாள் வெள்ளிக்கிழமைதான். ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது பிளாக்ஸ்பர்க். கிறிஸ்டியன்ஸ்பர்க்கில் 8-ஆம் எண் சாலையைப் பிடித்து வளைந்து வளைந்து போனால் ஃபிளாய்டு என்ற சிற்றூர். ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு டிராஃபிக் சிக்னல்தான். அதன் பக்கத்திலேயே ஃபிளாய்டு கன்ட்ரி ஸ்டோர். ஒன்பது வருடமாக இந்தப் பக்கம் குடியிருந்துவிட்டு இப்போதுதான் உள்ளே காலெடுத்து வைத்தேன். கோயில் பக்கத்து வீட்டுக்காரன் கதை.

பெயரில் மட்டும்தான் கடை என்று நினைத்திருந்தேன். உண்மையிலேயே கடை. ஓவரால் உடுப்பு தொங்குகிறது, இரும்பு வாணலி விற்கிறார்கள், மரப் பீப்பாய்களில் மிட்டாய். வெள்ளிக்கிழமை மாலை பின்பக்கத்து மேடையில் விளக்கு எரியும், எதிரே மரத்தரை, சுற்றி நாற்காலிகள். முதல் ஒரு மணி நேரம் காஸ்பல் என்ற கிறிஸ்தவ பக்திப் பாட்டு, அப்போது யாரும் ஆடுவதில்லை. மது, புகை, கெட்ட வார்த்தை மூன்றும் கிடையாது. பாட்டி வீட்டுச் சட்டம் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

உங்கள் ரேடியோவில் கேட்காத ஒன்று அங்கே கேட்டது. கால்.

இந்த இசையில் டிரம்ஸ் இல்லை. காஸ்பல் முடிந்து புளூகிராஸ் குழு முதல் பாட்டை எடுத்ததும் முன்வரிசையிலிருந்து பத்துப் பதினைந்து பேர் எழுந்து தரைக்குப் போனார்கள். பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். காலணிக்கு அடியில் தகடு. இடுப்புக்கு மேலே ஒன்றுமே நடக்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, பாதத்தைத் தரையைவிட்டு அதிகம் தூக்காமல் தட்டுகிறார்கள். ஃபிளாட்ஃபுட் என்று பெயர். அந்தச் சத்தம் மரத்தரை வழியாக நம் நாற்காலிக் கால் ஏறி முதுகுக்கு வருகிறது. டிரம்ஸ்காரர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் மேடையில் இல்லை, தரையில் பதினைந்து பேராக இருந்தார்.

பேஞ்சோவைத் தகர டப்பா என்று சொல்லிவிட்டீர்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்திலிருந்து வந்து இந்த மலைகளில் குடியேறியவர்கள் கொண்டுவந்த வாத்தியம் அது. கொஞ்சம் மரியாதை கொடுங்கள்.

5 ஜூன் 2023

சாப்பாடு கிடைக்குமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சாண்ட்விச், ஐஸ்கிரீம் உண்டு. பசியோடு போகாதீர்கள், வரிசை நீளம். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய் காரில் வைத்துச் சாப்பிட்ட குடும்பம் எங்களுடையது. அதை இங்கே சொல்லக் கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள்.

11 ஜூன் 2023

மேலே எழுதியதில் ஒரு தப்பு. நேற்று முன்தினம் மறுபடி போனேன் (ஆமாம், இரண்டாவது வாரமும்). பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், எண்பதைத் தொட்டிருப்பார். "போன வாரம் புளூகிராஸ் பிரமாதம்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொன்னால் புரியாது. சாம்பாரை ரசம் என்று சொன்னவனைப் பார்க்கிற பார்வை.

போன வாரம் நான் கேட்டு, ஆட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்த குழு புளூகிராஸே இல்லையாம். ஓல்ட் டைம் என்ற வேறு வகை. புளூகிராஸ் குழு அதற்கு அப்புறம் கடைசியில் வந்தது, அதற்குள் நாங்கள் தயிர்சாதத்துக்குப் போய்விட்டோம்.

பெரியவர் சொன்ன அடையாளம் இது. எல்லோரும் சேர்ந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தால் ஓல்ட் டைம். ஒருவர் முன்னால் வந்து வாசிக்க மற்றவர்கள் பின்வாங்கித் தாங்கிப் பிடித்தால் புளூகிராஸ். பேஞ்சோக்காரர் கையைப் பார், என்றார். நகத்தால் கீழ்நோக்கி அடித்து, கட்டைவிரலால் ஐந்தாவது தந்தியைத் தொட்டுவிட்டு வந்தால் அது கிளாஹேமர், பழைய வழி. மூன்று விரலில் பிக் (மீட்டும் செயற்கை நகம்) மாட்டிக்கொண்டு மணியை உருட்டிவிட்டதுபோலக் கொட்டினால் அது ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வழி.

வீட்டுக்கு வந்து படித்தேன். கென்டக்கிக்காரரான பில் மன்றோ 1939-இல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி மேடைக்கு வந்தபோதே அவர் குழுவின் பெயர் புளூ கிராஸ் பாய்ஸ். இசைக்கு அந்தப் பெயர் ஒட்டியது பிற்பாடு. 1945 கடைசியில் வட கரோலினாவிலிருந்து 21 வயது ஸ்க்ரக்ஸ் மூன்று விரலோடு வந்து சேர்ந்தார். கிட்டாரும் பாட்டும் லெஸ்டர் ஃபிளாட். 1948-இல் இரண்டு பேரும் மன்றோவை விட்டுப் பிரிந்து போய்விட்டார்கள். ஆக, இந்த மலை இசை, காலங்காலமாக வந்தது என்று நான் கற்பனை செய்துகொண்டிருந்தது என் அப்பாவைவிட இளையது! அப்பா 1941.

13 ஜூன் 2023

இரண்டாவது தப்பு. இது கொஞ்சம் பெரியது, ஒரு வாசகர் நன்றாகவே கடிந்துகொண்டார். வாங்கிக்கொள்கிறேன்.

பேஞ்சோ அயர்லாந்திலிருந்தும் வரவில்லை, ஸ்காட்லாந்திலிருந்தும் வரவில்லை. அதன் வேர் மேற்கு ஆப்பிரிக்கா. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, கழி சொருகி, தந்தி கட்டிய வாத்தியங்கள் அங்கே உண்டு. செனகல், காம்பியா பக்கம் அகோன்டிங் என்று இன்றும் வாசிக்கிறார்கள், அதிலும் கட்டைவிரலுக்கென்று ஒரு குட்டைத் தந்தி. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளிலும் இங்கேயும் அதை மறுபடி செய்து வாசித்தார்கள். வெள்ளைக்காரர்கள் கைக்கு அது பெருவாரியாக வந்தது 1830-களுக்குப் பிறகு, முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த மேடை நிகழ்ச்சிகள் வழியாக. பிடில் ஐரோப்பா, பேஞ்சோ ஆப்பிரிக்கா. இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்ததுதான் இந்த இசை.

ஃபிளாய்டில் அன்று நான் எண்ணிப் பார்த்தவரையில் கறுப்பு முகம் ஒன்றுகூட இல்லை. பழுப்பு முகம் நாங்கள் நாலு பேர். வட கரோலினாவின் மெபேனில் ஜோ தாம்சன் என்ற கறுப்பினப் பிடில் கலைஞர் 93 வயதுவரை இருந்தார், 2012-இல் காலமானார். பாடகி ரியானன் கிட்டென்ஸும் நண்பர்களும் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டுதான் கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவே உருவானது. நான் முதல் நாள் எழுதிய அந்த ஒரு வரி ஏன் அவ்வளவு சுலபமாகக் கையில் வந்தது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் எங்கும் படித்ததில்லை. அந்தக் கூடத்தைப் பார்த்து நானே ஊகித்தது.

13 ஜூன் 2023, கொஞ்ச நேரம் கழித்து

ஐந்தாவது தந்தி பற்றி ஒன்று விட்டுப்போனது. பேஞ்சோவின் அந்தக் குட்டைத் தந்தியை விரலால் அழுத்துவது அபூர்வம். மெட்டு எங்கே போனாலும் அது ஒரே ஸ்வரத்தில் மேலே நின்றுகொண்டே இருக்கும். தம்புராவை வாத்தியத்துக்குள்ளேயே ஆணியடித்து மாட்டியதுபோல. இது தெரிந்த பிறகு எனக்கு அந்தத் தகர டப்பா வேறாகக் கேட்க ஆரம்பித்தது.

25 ஜூன் 2023

நீளமாக எழுதப் போகிறேன். நேரம் இல்லாதவர்கள் அடுத்ததற்குத் தாவுங்கள்.

நேற்று ஒரு கிராமத்தில் தன்னார்வத் தீயணைப்பு நிலையத்துக்கு நிதி திரட்ட ஒரு நிகழ்ச்சி. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு அந்தக் கொட்டகையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பீன்ஸ், சோளரொட்டி. எங்களுக்குப் பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இல்லாத பாத்திரம் எது என்று விசாரிக்கவே கால் மணி. பாட உள்ளூர்க் குழு ஒன்று, ஐந்து பேர். பேஞ்சோக்காரர் பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மேண்டலின் வாசித்த பெண் நர்ஸ், ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தார், காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு.

மேடையில் ஒரே ஒரு மைக். ஐந்து பேருக்கும் அதுதான்.

முதலில் ஏழ்மை என்று நினைத்தேன். ஒரு பாட்டு முடிவதற்குள் அது புரிந்துவிட்டது. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அங்கே பொத்தானில் இல்லை, கால்களில் இருந்தது. பாடுகிறவர் மைக்குக்கு நேரே. வரி முடியும் முன்பே பிடில்காரர் இடது தோளை முன்னால் விட்டு உள்ளே நுழைகிறார். பாடகர் கிட்டாரின் கழுத்தை உயர்த்தி வழி விடுகிறார். பிடில் எட்டு பத்து வினாடி உச்சத்தில், அது விலகும்போது பேஞ்சோ கீழிருந்து வருகிறது. கூட்டுக்குரல் வரும்போது மூன்று பேர் தலையை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நெற்றி இடிக்காத குறை. ஒருவர் காதில் மற்றவர் மூச்சு. கிட்டாரின் தலை ஒருவர் மூக்கை உரசிக்கொண்டு போனது, அவர் இமைக்கவில்லை. முப்பது வருடமாக ஒரே அடுக்களையில் புழங்குகிற மாமியாரும் மருமகளும் கொதிக்கிற பாத்திரத்தோடு ஒருவரையொருவர் தாண்டிப்போவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான்.

பேஸ்காரர் மட்டும் நகரவில்லை. நாலு அடித் தாளத்தில் அவர் ஒன்று, மூன்றில் தட்டுகிறார். நர்ஸ் மேண்டலினில் இரண்டு, நான்கில் தந்தியை அடித்த கணமே விரலைத் தளர்த்தி ஒலியை வெட்டிவிடுகிறார். சாப் என்று பெயர். டிரம்ஸ்காரர் பின்னால் உட்கார்ந்து செய்கிற வேலையை எட்டுத் தந்தி வைத்த ஒரு சின்ன வாத்தியம் செய்துகொண்டிருந்தது. ரேடியோவில் இது ஒரு 'சக்... சக்...', அவ்வளவுதான். அங்கே அவர் மணிக்கட்டைப் பார்த்தபடி கேட்டபோது மற்ற நான்கு பேரும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. நடுவில் அவருக்கு ஒரு தந்தி அறுந்தது. வெட்டு நிற்கவில்லை.

பேஞ்சோக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தார். ஈரக்காற்று. "பேஞ்சோக்காரன் வாழ்நாளில் பாதி சுருதி சேர்ப்பதில் போகும், மீதி சுருதி சேராமல் வாசிப்பதில் போகும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். பழைய ஜோக்காம், எல்லா ஊரிலும் சொல்வார்களாம். கூட்டம் அதற்கும் முதல்முறை கேட்பதுபோலச் சிரித்தது.

26 ஜூன் 2023

ஒரு ரெண்டாம் யோசனை. மாமியார் மருமகள் உவமையை மனைவி படித்துவிட்டாள். "எந்த வீட்டில் பார்த்தாய்?" என்கிறாள். திருத்தம்: கல்யாண மண்டபச் சமையல்காரர்கள்.

16 ஜூலை 2023

மேலே நான் ஏதோ நேரில் கேட்டாலே மோட்சம் என்று எழுதியதுபோல இருக்கிறது. நேற்றைய அனுபவம் அதைச் சரிசெய்யும்.

ஒரு பீர் கடையின் புல்வெளி. அதே ஐந்து பேர்தான், அதே தீயணைப்பு நிலையக் குழு, அதனால்தான் ஆசையாகப் போனேன். சவுண்டுக்காரர் ஆளுக்கொரு மைக் கொடுத்து ஆளுக்கொரு வயரும் சொருகிவிட்டார். பேஸ் வயிற்றில் இடிக்கிறது, மேண்டலின் எங்கே என்றே தெரியவில்லை, பிடில் பல்லைக் கூச வைக்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், யாரும் நகரவில்லை. ஐந்து பேரும் தத்தம் மைக்குக்கு முன்னால் ரேஷன் கடை வரிசைபோல நின்றார்கள். கூட்டமும் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஒருமுறை பழக்கதோஷத்தில் நடுவை நோக்கி நடந்துவிட்டு, பாதி வழியில் நினைவு வந்து திரும்பினார். நான் நாலு பாட்டோடு கிளம்பிவிட்டேன். கேள்வி கேட்ட வாசகரே, இந்த இடத்தில் முதல்முறை கேட்டிருந்தால் நானும் உங்கள் கட்சிதான்.

திரும்பும்போது சும்மா ஃபின்காஸில் வரை ஓட்டிப் போனேன். ரோனோக்கிலிருந்து வடக்கே அரை மணி நேரம். 1965 செப்டம்பரில், லேபர் டே வார இறுதியில், அங்கே ஒரு குதிரைப் பண்ணையில் கார்ல்டன் ஹேனி என்பவர் பல நாள் புளூகிராஸ் விழா ஒன்றை நடத்தினார். அந்த வகையில் அதுதான் முதல் என்று சொல்கிறார்கள். பில் மன்றோவையும், அவரை விட்டுப்போன பழைய ஆட்களில் சிலரையும் ஒரே மேடையில் ஏற்றி இந்த இசையின் கதையை வரிசையாகச் சொல்ல வைத்தாராம். இப்போது சுற்றிலும் புல்வெளியும் மாடுகளும்தான் தெரிந்தன. பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன்.

18 ஜூலை 2023

பேஞ்சோ வாங்கிவிட்டேன். பழையது. விலையைக் கேட்காதீர்கள், மனைவியும் படிக்கிறாள்.

30 ஜூலை 2023

பன்னிரண்டு நாள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். ரோல் என்ற விரல் சுற்று ஒன்றில் எட்டுச் சத்தம் ஒரே அளவில் விழ வேண்டும். எனக்கு ஐந்து விழுகிறது, மூன்று நடுவழியில் இறங்கிவிடுகிறது. மகள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். "தகர டப்பா" என்று சொன்ன வாசகரிடம் மன்னிப்புக் கேட்கிறேன், என் கையில் அது தகர டப்பாதான்.

13 ஆகஸ்ட் 2023

கேலக்ஸ் என்ற ஊருக்குப் போய்வந்தேன். ஓல்ட் ஃபிடிலர்ஸ் கன்வென்ஷன். 1935-இல் ஆரம்பித்தது, ஆகஸ்ட் இரண்டாம் வாரம், ஃபெல்ட்ஸ் பார்க் மைதானத்தில் ஒரு வாரம். பிடிலுக்குப் போட்டி, இரண்டு வகைப் பேஞ்சோவுக்கும் தனித்தனிப் போட்டி, மேண்டலின், டோப்ரோ என்ற கிட்டார் வகை, ஃபிளாட்ஃபுட் எல்லாவற்றுக்கும் போட்டி. மின்சார வாத்தியம் கூடாது.

மேடையை விட்டுவிடுங்கள். மேடைக்குப் பின்னால் வண்டிகள் நிற்கிற இடத்தில்தான் விஷயம். ஆட்கள் வாரம் முழுக்கக் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். இரண்டு வண்டிக்கு நடுவே ஒரு தார்ப்பாய், அதன் கீழே ஆறேழு பேர் வட்டமாக. நாலடி தள்ளி இன்னொரு வட்டம், வேறு பாட்டு. நடுவில் நின்றால் வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று.

ஒரு வட்டத்துக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றேன். பதினாலு வயதுப் பையன் ஒருவன் பிடில் பெட்டியோடு வந்தான். யாருக்கும் அவனைத் தெரியாது என்பது பார்த்தாலே தெரிந்தது. ஒரு பெரியவர் நாற்காலியை அரையடி நகர்த்தினார். பையன் உட்கார்ந்தான். யாரோ பாட்டின் பெயரையும் சுருதியையும் சொன்னார், அவ்வளவுதான் பேச்சு. இரண்டாவது சுற்றில் அவனும் உள்ளே இருந்தான். முடிக்கும்போது தலைவர்போல இருந்தவர் ஒரு காலைத் தூக்கினார். கடைசிச் சுற்று என்று அர்த்தம். எல்லோரும் ஒன்றாக நின்றார்கள், அந்தப் பையனும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். எல்லாம் ஒரே பாட்டு என்றீர்கள். இரண்டு மாதமாக அதை மறுத்துக்கொண்டிருந்தேன். கேலக்ஸில் நின்றபோது தோன்றியது, நீங்கள் சொன்னது பாதி சரி. மெட்டுகளின் கட்டுமானம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. முன்பாதி இரண்டு முறை, பின்பாதி இரண்டு முறை, மூன்று நாலு கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு). நூறு மெட்டாவது எல்லோருக்கும் பொது. அப்படி இருப்பதால்தான் அந்தப் பையனால் தன் பெயர்கூடச் சொல்லாமல் உட்கார முடிந்தது. பாட்டு ஒவ்வொன்றும் புதிதாகப் பின்னப்பட்டிருந்தால் அவன் வெளியே என்னோடு நின்றிருப்பான்.

ஆனால் "ஒரே பாட்டு" என்று நீங்கள் சொன்னது குறையாக. அதை மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

என் பேஞ்சோ காரிலேயே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டு முறை டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். மழை தூறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூறல்தான், உண்மையில்.

14 ஆகஸ்ட் 2023

ஒருவர் கேட்டிருக்கிறார், இவ்வளவு எழுதுகிறவர் ஏன் உட்காரவில்லை என்று. ஐயா, ரோல் எட்டில் ஏழு வருகிறது. அந்த எட்டாவது வரட்டும்.

29 செப்டம்பர் 2023

முதல் கேள்வி கேட்ட வாசகர் நேற்றுத் தனிமடல் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி, மாமனாரோடு ஃபிளாய்டு வருகிறாராம். மாமனாருக்கு முழங்கால் வலி, நாற்காலி கிடைக்குமா என்று கேட்கிறார். இங்கேயே பதில் போடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

சீக்கிரம் வாருங்கள், காஸ்பல் தொடங்கும் முன்பே. நாற்காலி நிரம்பிவிடும். ஓரத்து நாற்காலி வேண்டாம், தரைக்குப் பக்கத்தில் முதல் அல்லது இரண்டாவது வரிசை, அங்கேதான் அதிர்வு தெரியும். காஸ்பல் நேரத்தில் மாமனார் தாளம் போடலாம், எழுந்து ஆட வேண்டாம். மேடையில் பாட்டு முடிந்த பிறகும் உடனே கிளம்பாதீர்கள். வெப்பம் இருக்கிற நாட்களில் வெளியே தெருவோரம் ஆட்கள் வட்டம் போட்டு வாசிப்பார்கள், அக்டோபர் முதல் வாரம் என்றால் இன்னும் வாய்ப்பு இருக்கிறது. ரப்பர் அடிச் செருப்பு வேண்டாம். யாராவது வயதான அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்தால் போய்விடுங்கள், மறுத்தால் அடுத்த வாரமும் வந்து இழுப்பார். என்னை மூன்று வாரம் இழுத்தார்.

தயிர்சாதம் நாங்கள் கொண்டுவருகிறோம், உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து. ஊறுகாய் மட்டும் எடுத்து வாருங்கள். மிட்டாய்ப் பீப்பாய் பக்கத்தில் நிற்பேன், நீலச் சட்டை.